நின்று பெயர் சொல்லும் கடமை
(திண்டிவனத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலைப் பற்றிப் பேசக் கடல் இல்லாத திண்டிவனத்தில் ஏன் கூடியிருக்கிறோம் என்று சிலர் கேட்டார்கள். மரக்காணம் வெகுகாலம் திண்டிவனம் வட்டத்தில் இருந்த ஊர். இப்போது தனி வட்டமாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கரையில் ஒரு வலை அறுந்து, அந்தச் சண்டை வழக்காக மாறினால், ஏறத்தாழ 35 கிலோமீட்டர் பஸ் ஏறி இந்த ஊர் நீதிமன்ற வாசலுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. மனு கொடுக்க விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. சேதம் கடலில் நடக்கிறது, அதற்கான நியாயம் இந்த இரண்டு ஊர்களில்தான் கிடைக்க வேண்டும். அதனால் இங்கே பேசுவதுதான் பொருத்தம்.

ஒரு படகுக்காரர் கவனமில்லாமல் ஓட்டியதால் இன்னொருவரின் படகு உடைகிறது, வலை அறுகிறது. இதை எப்படிக் கையாள்வது என்பதே இன்றைய பேச்சு. நான் வலியுறுத்த வந்தது ஒன்றுதான். சேதம் செய்தவர் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், தன் பெயரையும் படகின் எண்ணையும் சொல்ல வேண்டும், பிறகு கரைக்கு வந்து கணக்குத் தீர்க்க வேண்டும். இந்தக் கடமையை நாம் கடலில் நிலைநாட்டிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். நிலைநாட்டாதவரை எந்தச் சட்டமும் முழுதாகக் கைகொடுக்காது.

முதலில் நம் கரையின் நிலையைப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டக் கடற்கரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வடக்கே அழகன்குப்பம், எக்கியார்குப்பம், நடுவே கூனிமேடு, அனிச்சங்குப்பம், தெற்கே பொம்மையார்பாளையம், சின்னமுதலியார்சாவடி, கோட்டக்குப்பம் என 19 மீனவ ஊர்கள். விசைப்படகுகளைக் கட்டி நிறுத்த இங்கே துறைமுகம் இல்லை. நம்முடையவை பெரும்பாலும் பைபர் படகுகள். அலையின் போக்கைப் பார்த்துத் தள்ளி இறக்குகிறோம், திரும்பி வந்ததும் மணலில் இழுத்து ஏற்றுகிறோம். நம் கடலில் இழுவலை இழுக்கும் விசைப்படகுகள் தெற்கே புதுச்சேரி, கடலூர் துறைமுகங்களிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் வருகின்றன. அதாவது வலையை அறுத்தவரும் வலையை இழந்தவரும் ஒரே கரையில் இறங்குவதில்லை. நம் கரையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே ஊர்க்காரர் என்றால் மாலையில் முகம் பார்த்துக் கேட்டுவிடலாம். வெளியூர்ப் படகை எங்கே போய்த் தேடுவது?

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் வேகமாகக் குறைந்து பைபர் படகுகள் பெருகின. கட்டுமரம் பல மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. எதிலாவது இடித்தால் கட்டு தளரும், கரையில் போட்டு மறுபடி இறுக்கிக் கட்டினால் போதும். பைபர் படகு ஒரே ஓடாக வார்த்தது. ஓட்டில் விரிசல் விட்டால் அது பரவும். வெளியே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைக் கோடுகளாகத் தெரியும் அடி, உள்பக்கம் தொட்டுப் பார்த்தால் இரண்டு முழத்துக்குக் கண்ணாடி இழை மேட் பிரிந்து மெத்தென்று அமுங்கும். அந்தப் பிரிவுக்குள் உப்புத்தண்ணீர் இறங்கிவிட்டால் மேலே பூசுகிற பூச்சு நிற்காது. கெட்ட பகுதியைத் தேய்த்து எடுத்து, நன்றாகக் காயவைத்து, மேட் அடுக்கி, ரெசினும் ஹார்டனரும் கலந்து ஒவ்வொரு அடுக்காகப் போட்டு இறுகவிட வேண்டும். மழைக்காலமாக இருந்தால் காய்வதற்கே நாளாகும். அந்த நாளெல்லாம் படகு மணலில் கிடக்கும். படகுக்காரருக்கு மட்டும் நட்டம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் படகில் பங்குக்குப் போகிற மூன்று நான்கு வீடுகளிலும் அடுப்பு அணையும்.

நம் கரையில் இந்தச் சேதம் மூன்று விதமாக வருகிறது. முதலாவது, விரித்த வலையின் மேல் இழுவலைப் படகு ஏறிப் போவது. இரண்டாவது, இருட்டிலோ மூட்டத்திலோ படகோடு படகு மோதுவது. மூன்றாவது கரையிலேயே நடப்பது. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் 1980களின் பிற்பகுதியில் எழுந்த பிறகு, வடக்கே மணல் வந்து சேருவது தடைப்பட்டது. கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் கரைகளைக் கடல் அரித்தது. படகு ஏற்றும் மணல் குறுகிவிட்டது. இருக்கிற இடத்தில் படகுகளை நெருக்கி நிறுத்துகிறோம். இந்த நெருக்கத்தில், இன்ஜினை அடக்காமல் அலையோடு பாய்ந்து ஏறுகிற ஒரு படகு, ஏற்கெனவே ஏற்றி வைத்த இரண்டு படகுகளின் ஓட்டை உடைத்துவிடும். வெளியூர் விசைப்படகை மட்டுமே குற்றம் சொல்லிப் பழகிய நாம் இந்த மூன்றாவது வகையைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அலட்சியத்துக்கு ஊர் வித்தியாசம் கிடையாது.

வலைச் சேதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கூனிமேட்டுப் பக்கம் ஒரு மூத்த மீனவர் தன் அறுந்த வலையை மணலில் நீட்டிப் போட்டு எனக்குக் காட்டினார். இன்ஜின் விசிறியில் சிக்கிய வலை என்றால் கண்ணிகள் முறுக்கேறித் திரித்த கயிறு போல ஒட்டிக் கிடக்கும், இரு முனைகளும் சிதைந்திருக்கும். இழுவலை இழுத்துப் போன வலை வேறு மாதிரி. நடுப்பகுதியே காணாமல் போயிருக்கும், ஈயமணி கோத்த அடிக்கயிறு இழுபட்டு நீண்டு அறுந்திருக்கும், மிச்சம் ஒரு மூலையில் பந்தாகத் திரண்டிருக்கும். அவர் வலையில் முறுக்கு இருந்தது. "சத்தம் போட்டோம், டார்ச் அடிச்சோம். அந்த நேரத்துல இன்ஜின ஆஃப் பண்ணியிருந்தா பாதி வலையாவது மீண்டிருக்கும் சார். அவன் வேகத்தக் கூட்டிட்டுப் போயிட்டான்" என்றார். நிற்பது நல்ல மனதின் அடையாளம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். நின்றால் சேதமே குறையும் என்பதை அவர்தான் எனக்கு விளங்க வைத்தார்.

ஒரு வலைத்தொகுதி போனால் என்ன ஆகிறது? புதிது வாங்கக் கையில் பணம் இருக்காது. வியாபாரியிடம் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் பிடிக்கிற மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்கிற விலைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு இரவில் அறுந்த வலை பல ஆண்டுக் கடனாக நீள்கிறது. அரசின் விபத்துக் காப்பீடு மீனவரின் உயிருக்கும் உடலுக்கும் உரியது. வலைக்கு அதில் இடமில்லை.

இந்த மோதல் இன்று நேற்று வந்ததில்லை. 1953இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய – நார்வே திட்டத்துக்குப் பிறகு விசைப்படகும் இழுவலையும் நாடெங்கும் பரவின. தமிழ்நாட்டில் 1960களிலும் 70களிலும் அவற்றுக்கு அரசு கடனும் மானியமும் கொடுத்தது. இறால் ஏற்றுமதி டாலர் கொண்டுவந்தது. இறால் கரையோரத்தில் கிடைத்தது, கட்டுமரக்காரரின் வலையும் அங்கேதான் கிடந்தது. அடிதடியும் படகு எரிப்பும் வந்தன. அதன் பிறகுதான் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983இல் பிறந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று கோடு கிழித்தார்கள். 2020ஆம் ஆண்டு விதிகளில் அது 5 கடல் மைல் ஆனது, அதாவது ஒன்பது கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் இருக்கிறது.

நல்ல சட்டம். ஆனால் அதில் நம்மைப் பொறுத்தவரை ஒரு பெரிய குறை இருக்கிறது. கோட்டைத் தாண்டி உள்ளே வந்த படகுக்கு அதிகாரி அபராதம் போடலாம், படகைப் பிடித்து வைக்கலாம். அந்த அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. வலை இழந்தவர் கைக்கு ஒரு ரூபாய் வருவதில்லை. விதி மீறியவர் அரசுக்குப் பதில் சொல்லிவிட்டார், வலைக்காரருக்கு யார் பதில் சொல்வது?

திண்டிவனத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றோடு இதை ஒப்பிட்டுச் சொல்கிறேன். சென்னை நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஒரு வேனை இடித்துவிட்டால் என்ன நடக்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு ஓட்டுநருக்குக் கடமை விதிக்கிறது. அடிபட்டவருக்கு உதவ வேண்டும், காவல் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும், கேட்டால் விவரம் கொடுக்க வேண்டும். அதே சட்டத்தின் 146ஆம் பிரிவு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. இழப்பீடு கேட்கத் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. கடலில் வலையை அறுத்துக்கொண்டு போகிற படகுக்கு எதிராக இப்படி ஒரு தீர்ப்பாயம் இல்லை. அந்தப் படகு மூன்றாம் நபர் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆனால் கடல் சட்டத்துக்கு இந்தக் கடமை புதியதும் இல்லை, சாலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதும் இல்லை. கார்கள் ஊரை நிறைப்பதற்கு முன்பே, 1910இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கப்பல் மோதல் பற்றி ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மோதிய கப்பலின் தலைவர் மற்றக் கப்பலுக்கு உதவ வேண்டும், தன் கப்பலின் பெயரையும் துறைமுகத்தையும் சொல்ல வேண்டும் என்று அதன் 8ஆவது பிரிவு சொன்னது. நம் நாட்டின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் 348ஆம் பிரிவில் அதையே கடமையாக்கியது. 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 98ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. அந்த உடன்படிக்கையை இந்தியா 1995இல் ஏற்றது. உதவு, நில், பெயர் சொல். உலகம் நூறு ஆண்டுக்கு மேலாகக் கப்பல் தலைவர்களிடம் கேட்பது இதைத்தான்.

1972ஆம் ஆண்டு கடல் மோதல் தடுப்பு விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. எந்நேரமும் கண்ணும் காதும் வைத்துக் காவல் பார்க்க வேண்டும் என்பது 5ஆவது விதி. சூழலுக்கு ஏற்ற வேகத்தில் போக வேண்டும் என்பது 6ஆவது விதி. மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு இன்ஜினில் போகிற படகு வழிவிட வேண்டும் என்பது 18ஆவது விதி. இந்த விதிகளைப் பெரிய கப்பல்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. கடலில் மிதக்கும் எல்லாக் கலங்களுக்கும் இவை பொருந்தும். "பார்க்கவில்லை" என்பது கடலில் சாக்குப்போக்காகச் செல்லாது, பார்ப்பதே அங்கே முதல் வேலை.

நிற்காமல் போனால் என்ன ஆகும் என்பதைக் குமரி மாவட்டத்து ராமன்துறை நன்றாக அறியும். 2018 ஆகஸ்ட் 7ஆம் தேதி கேரளத்தின் முனம்பத்துக்கு வெளியே 'ஓசியானிக்' என்ற மீன்படகு மீது ஒரு கப்பல் மோதியது. படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ராமன்துறைக்காரர்கள். கப்பல் நிற்கவில்லை. தப்பியவர்களைத் தூக்கியது அருகில் இருந்த மீன்படகுதான். வலைச் சேதத்திலும் உயிர்ச் சேதத்திலும் குற்றத்தின் வேர் ஒன்றே. எதிரில் இருப்பவனை மனிதனாகக் கருதாத வேகம் அது.

இனி நம் ஊர் வழக்கத்துக்கு வருகிறேன். சோழமண்டலக் கரையில் சட்டம் வருவதற்கு முன்பே ஊர்ப் பஞ்சாயத்து இருந்தது. இன்றும் இருக்கிறது. வலையை அறுத்த விசைப்படகைச் சுற்றி வளைத்துத் தங்கள் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அந்தப் படகின் ஊர்ப் பெரியவர்களையோ சங்கத்தாரையோ வரவழைத்து, சேதத்தைக் கணக்குப் போட்டு, தொகையை வாங்கிக்கொண்டு படகை விடுவது இந்தக் கரையின் பழைய நடைமுறை. நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் 1990களில் இந்தக் கரையில் தங்கி இதை ஆராய்ந்து எழுதினார். அரசின் சட்டத்தோடு மீனவர் சட்டம் ஒன்றும் இங்கே உயிரோடு இயங்குகிறது என்று அவர் காட்டினார்.

படகைப் பிடித்து வைப்பதைப் பலர் காட்டுமிராண்டித்தனம் என்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. கப்பலையே பொறுப்பாளியாக்கி, கட்டி நிறுத்தி, ஈட்டுக்கு உறுதி கொடுத்த பிறகு விடுவிப்பது உலகக் கடல் சட்டத்தின் மிகப் பழைய முறை. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு அட்மிரால்ட்டி சட்டப்படி சென்னை உயர் நீதிமன்றம் ஒரு கலத்தை அப்படிச் சிறைப்பிடிக்க ஆணையிடலாம். நம் பாட்டன்மார் கண்டுபிடித்ததும் நீதிமன்றம் செய்வதும் ஒரே நியாயத்தின் மேல் நிற்கின்றன. வேறுபாடு ஒன்றே. நீதிமன்றம் பிடித்தால் எதிராளியின் பேச்சும் கேட்கப்படும், கையில் ஆணை இருக்கும். நாம் பிடித்தால் அந்த நேரத்துக் கோபம் இருக்கும். தவறான படகைப் பிடித்துவிட்டால் திருப்பிப் பதில் சொல்ல வழியில்லை. பழிக்குப் பழியாக நாளை அவர்கள் நம் படகைப் பிடிப்பார்கள். 2021 ஆகஸ்டில் புதுச்சேரியில் சுருக்குவலைப் பிரச்சினையில் வீராம்பட்டினத்தாரும் நல்லவாட்டாரும் மோதிக்கொண்டபோது காவல் துறை வானத்தை நோக்கிச் சுட வேண்டிய நிலை வந்தது. உறவுமுறை சொல்லிப் பழகிய, பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களுக்கு நடுவே நடந்தது இது. கோபத்தைக் கடலிலேயே தீர்த்துக்கொள்ள முயன்றால் இப்படித்தான் முடியும். உயர் நீதிமன்றத்தில் வழக்காடும் செலவோ ஒரு பைபர் படகுக்காரரால் தாங்க முடியாதது. ஆகவே பஞ்சாயத்தின் வேகமும் சட்டத்தின் நிதானமும் சேர்ந்த ஒரு நடுவழி நமக்கு வேண்டும்.

அதுவரை, நாளைக்கே சேதம் நடந்தால் என்ன செய்வது? இதை ஊர் இளைஞர்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஆள். தண்ணீரில் விழுந்தவர் உண்டா, படகில் தண்ணீர் ஏறுகிறதா என்று பாருங்கள். தேவைப்பட்டால் கடலோரக் காவல் எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை எண் 1554. துரத்திப் போக வேண்டாம். பெரிய படகின் பக்கத்தில் சின்னப் படகைக் கொண்டுபோய் நிறுத்துவது உயிரைப் பணயம் வைப்பது.

அடுத்து எண். எல்லாப் படகிலும் பதிவு எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஐஎன்டி, அடுத்து டிஎன் என்றால் தமிழ்நாடு, பிஒய் என்றால் புதுச்சேரி. எம்எம் என்றால் விசைப்படகு, எம்ஓ என்றால் இன்ஜின் பொருத்திய சிறுபடகு. முழு எண் கிடைக்காவிட்டால் கடைசி எண்களும் படகின் நிறமும் பெயரும் போதும். போன் இருந்தால் படம் எடுங்கள். ஜிபிஎஸ் காட்டும் இடத்தையும், நேரத்தையும், எத்தனை பாகம் ஆழம் என்பதையும், நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 5 கடல் மைலுக்கு உள்ளே நடந்ததா வெளியே நடந்ததா என்பதை இந்தக் குறிப்புதான் தீர்மானிக்கும்.

மூன்றாவது, அறுந்த வலையைக் கடலிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். மிச்சத்தைக் கரைக்குக் கொண்டு வாருங்கள். ஆத்திரத்தில் அன்றைக்கே தைக்க உட்காராதீர்கள். அந்த முறுக்கும் இழுப்பும்தான் சாட்சி. மணலில் நீட்டி அளந்து, படம் எடுத்து, பக்கத்துப் படகுக்காரர் இருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். படகு ஓட்டில் அடி என்றால் பட்டறைக்காரரிடம் எழுத்தில் மதிப்பு வாங்குங்கள். வலை வாங்கிய ரசீதை எல்லோரும் தூக்கிப் போட்டுவிடுகிறோம். இனிமேல் அதை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.

நான்காவது, எழுத்து. மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அன்றைக்கோ மறுநாளோ மனு போக வேண்டும். காவல் நிலையத்தில் மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். கவனமில்லாமல் கலம் ஓட்டி ஆபத்து உண்டாக்குவது பாரதிய நியாய சன்ஹிதா 282ஆம் பிரிவில் குற்றம். வேண்டுமென்றே, அல்லது சேதமாகும் என்று தெரிந்தே வலையை அறுத்தால் 324ஆம் பிரிவு வரும். சேதம் ஒரு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் தண்டனை ஐந்து ஆண்டு வரை போகும். மனுவில் கோபத்தை எழுதாதீர்கள். நடந்ததை எழுதுங்கள்.

ஐந்தாவது, ஈடு. இழப்பீட்டு வழக்குப் போட மூன்று ஆண்டு காலம் இருக்கிறது. அதற்கு முன் ஒரு நல்ல வழி உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி நடக்கும் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு தொகை முடிவானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஊர்த் தலைவர்களான நாட்டார் பேசி முடிக்கிற ஈட்டை இங்கே கொண்டுவந்து பதிவு செய்தால், நாளைக்கு யாரும் வார்த்தை மாற முடியாது. நான் சொன்ன நடுவழிக்கு இது ஒரு தொடக்கம். இங்கே இருக்கிற இளம் வழக்கறிஞர்கள் மாதம் ஒரு நாளாவது மரக்காணத்துக்கும் கோட்டக்குப்பத்துக்கும் போய் இந்த மனுக்களை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உரிமை பேசியாகிவிட்டது, நம் பொறுப்பையும் பேச வேண்டும். இருட்டில் விளக்கில்லாமல் விரித்த வலை யார் கண்ணிலும் படாது. இரு தரப்பிலும் தவறு இருந்தால் அவரவர் தவறின் அளவுக்கு ஈட்டைப் பிரிப்பது 1910 உடன்படிக்கை முதல் உலகம் ஏற்ற முறை. வலையின் இரு முனையிலும் கொடிக்கம்பும் மினுக்கு விளக்கும் இருக்க வேண்டும். படகில் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். நம் பக்கம் சுத்தமாக இருந்தால்தான் எதிராளியை நிறுத்திக் கேட்கும் குரலுக்கு வலு வரும்.

இன்னும் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான். முப்பதாண்டுப் போரில் கடலுக்கே போக முடியாமல் இருந்து, போர் முடிந்தபின் கடன் வாங்கி வலை விரித்தவர்கள். அந்த வலைகளை அறுத்துக்கொண்டு போகிறவற்றில் தமிழ்நாட்டு இழுவலைப் படகுகள் இருக்கின்றன. 2010 ஆகஸ்டில் தமிழக மீனவப் பிரதிநிதிகள் இலங்கைக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். ஓராண்டுக்குள் இழுவலையை விடுவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் மட்டும் போவது என்று பேச்சு முடிந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2017இல் இலங்கை இழுவலையைச் சட்டப்படி தடை செய்தது. நம் மீனவர்களைச் சுடுவதையும் சிறையில் அடைப்பதையும் கண்டிக்க நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மரக்காணத்தில் வலை அறுந்தால் துடிக்கிற மனம், மன்னாரில் அறுகிற வலைக்கும் துடிக்க வேண்டும். பெயர் சொல்லாமல் போகிற படகு எந்தக் கொடி கட்டியிருந்தாலும் அது குற்றம்தான்.

கடைசியாக அரசிடம் கேட்க வேண்டியவை. இங்கே நான்கு கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று, வலையையோ படகையோ சேதப்படுத்தியவர் உடனே நின்று, உதவி செய்து, பெயரும் எண்ணும் சொல்லி, கரை சேர்ந்ததும் மீன்வளத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மாநில மீன்பிடி விதிகளில் எவருக்கும் புரிகிற மொழியில் எழுத வேண்டும். சேதத்துக்கு ஒரு தண்டனை என்றால், நிற்காமல் போனதற்கு அதைவிடக் கடுமையான தண்டனை வேண்டும்.

இரண்டு, விசைப்படகு உரிமம் புதுப்பிக்கும்போது மூன்றாம் நபர் சேதக் காப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். ஒருவர் தவறு செய்தால் அவர் குடும்பமும் அழியாமல், வலை இழந்தவர் குடும்பமும் அழியாமல் காக்கும் வழி அதுவே.

மூன்று, 2024 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கி வைத்த திட்டத்தில் நாடு முழுவதும் ஒரு லட்சம் மீன்படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் பொருத்துவதாக அறிவித்தார்கள். புயல் எச்சரிக்கைக்கும் ஆபத்து அழைப்புக்கும் வந்த கருவி அது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் எந்தப் படகு இருந்தது என்ற பதிவு, சேதம் பற்றிய புகார் வந்தால் விசாரணை அதிகாரிக்குக் கிடைக்க வேண்டும். எண்ணைப் பார்க்க முடியாத இரவில் அதுதான் சாட்சி சொல்லும்.

நான்கு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரு கூட்டுத் தீர்வுக் குழு அமைக்க வேண்டும். இந்தக் கரைகளின் நாட்டாரும், விசைப்படகுச் சங்கத்தாரும், மீன்வளத் துறையினரும், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும் அதில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை கூடட்டும். தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று, புதுச்சேரிச் சட்டம் வேறு என்று மனுவை அங்கும் இங்கும் அலையவிடும் நிலை முடிய வேண்டும்.

இவை நிறைவேறக் காலம் ஆகலாம். ஆனால் முதல் வேலைக்கு அரசாணை எதுவும் தேவையில்லை. இந்த அவை கலைவதற்கு முன் 19 ஊர் நாட்டாரும் ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்கிறேன். எங்கள் ஊர்ப் படகு அடுத்தவர் படகையோ வலையையோ சேதப்படுத்தினால், அந்த இடத்தில் நிற்கும், பெயர் சொல்லும், ஊர் முன்னின்று ஈடு கொடுக்கும். நிற்காமல் வந்த படகைக் காப்பாற்ற எங்கள் ஊர் பேசாது. இந்தத் தீர்மானத்தின் நகலை அடுத்த வாரம் புதுச்சேரி, கடலூர் விசைப்படகுச் சங்கங்களுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நாங்கள் செய்துவிட்டோம், நீங்களும் செய்யுங்கள் என்று கேட்போம். முதலில் செய்தவர் கேட்கும்போது மறுப்பது எவருக்கும் எளிதாக இருக்காது.

தீர்மானத்தின் வரைவு மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. படித்துப் பாருங்கள், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள், கையெழுத்திட்டுவிட்டுப் போவோம்.